புடலங்காய்க்குக் கட்டிய கல்

முதலில் குற்றங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தோழர். வரிசை முக்கியம். வரிசை தப்பினால் வழக்கு நிற்காது. தொழிற்சங்கத்தில், அதுவும் பொதுச்செயலாளராக, ஆயுள் முழுக்க இருந்து நான் கற்றது அது.

முதல் குற்றம், மில் கேட் கூட்டம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு மணி நேரம் பேசினேன். முதலாளியின் லாபம் எங்கிருந்து முளைக்கிறது என்பதை வேரிலிருந்து விளக்கினேன். கூட்டம் அசையாமல் நின்றது. எனக்குப் பிறகு ஏறினான் குற்றவாளி, எங்கள் சங்கத்து ராக்கிமுத்து. ஐந்தே நிமிடம். மேஸ்திரி டீ குடிக்கிற அழகை நடித்துக் காட்டிவிட்டு இறங்கினான். சிரிப்பு, கைதட்டல், விசில். மறுநாள் சங்கத்தில் சேர வந்தவர்கள், "நேத்து பேசினாரே, அவரோட சங்கம் இதுதானுங்களா?" என்று கேட்டார்கள். அவர் என்றால் நான் இல்லை.

இரண்டாவது, சிறை. மறியலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். விடுதலை நாளில் வாசலில் ஒரே ஒரு மாலையோடு ஆட்கள் நின்றார்கள். நான் உள்ளே என் மூக்குக்கண்ணாடிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கண்ணாடி கிடையாது. முன்னால் வந்துவிட்டான். மாலை விழுந்துவிட்டது. வெளியே வந்த எனக்குக் குடிக்க சோடா கொடுத்தார்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம். அதை விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கல்யாணங்கள். மில் மூடிய பிறகும் பழைய தொழிலாளிகள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் தாலி எடுத்துக் கொடுக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். எனக்குப் பத்திரிகை தபாலில் வரும். பல நேரம் கல்யாணம் முடிந்து வரும்.

ஐந்தாவதுதான் இந்த ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவுக்கு அங்காத்தாள், அதாவது என் மனைவி, என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, இதோ இந்த வேப்பமரத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தது என்று நினைக்கிறீர்கள்? அவன்தான். மடியில் ஒரு கூடை கத்தரிக்காய். "வாங்கண்ணா, நான் வந்து ஒரு வருசமாச்சு" என்றான். பித்துப் பிடிப்பதில்கூட என்னை முந்திவிட்டான், தோழர்.

உங்கள் கையில் இருப்பது பச்சைச் சீட்டுதானே? தோட்ட வேலைக்கு. உங்களுக்கா, உள்ளே போயிருக்கிற உங்கள் தம்பிக்கா? தம்பிக்கு. சரி. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மண்ணைக் கொத்தினால் மனம் தேறும், செடி வளர்த்தால் கவலை குறையும் என்று உள்ளே சொல்லி அனுப்புவார்கள். ஜெபராணி சிஸ்டர் என்று ஒரு நர்ஸ். தோட்டம் அவர் பொறுப்பு. தங்கமான பெண், ஆனால் கொள்கைத் தெளிவு கிடையாது. "மண்ணைத் தொட்டா மனசு இறங்கும் ஐயா" என்பார். தோட்டமாவது புடலங்காயாவது. என் அனுபவத்தைக் கேட்டுவிட்டுத் தம்பியை அனுப்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் வந்தபோது என் நிலைமை என்ன? அதையும் மறைக்கவில்லை. தூக்கம் கிடையாது. மில்லை இடித்து அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்ததிலிருந்து போனது. சாப்பாட்டுத் தட்டு இரண்டு முறை சுவரில் பட்டது. தட்டுதான் போய்ப் பட்டது என்று நான் சொல்வேன், அங்காத்தாள் வேறு மாதிரி சொல்வாள். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். காற்றாடியைப் பார்த்துப் பேசினேன் என்கிறார்கள். கூட்டமில்லாதவன் எதைப் பார்த்துப் பேசுவான்? மகன் திருப்பூரிலிருந்து வருவதை நிறுத்திவிட்டான். பேரப்பிள்ளைகள் பயப்படுகிறார்களாம்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். கூடவே பச்சைச் சீட்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலம், ஆளுக்கு ஒரு பாத்தி. நான் உடனே கேட்டேன், கூலி என்ன? கூலி இல்லை, இது சிகிச்சை என்றார். கூலியில்லாத உழைப்புக்குச் சிகிச்சை என்று பெயர் வைக்கிற தந்திரத்தை நான் இருபது வயதிலேயே பிரசுரத்தில் படித்துவிட்டேன், அம்மா, என்றேன். அன்றே ஒரு கோரிக்கை வைத்தேன். அதுவரை காய்கள் ஆஸ்பத்திரிச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பாத்தியில் பாடுபட்டவனுக்கே விளைச்சல் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தைகூட நடக்கவில்லை, உடனே ஒத்துக்கொண்டார்கள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆக, சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த பாத்தி அவனுடைய பாத்திக்கு அடுத்தது. நடுவில் ஒரு முழ வரப்பு.

அவன் பாத்தியை நீங்கள் பார்க்க வேண்டும். இல்லை, பார்க்கவே வேண்டாம். மேலே கம்பிப் பந்தல், பந்தலில் புடலை. புடலைக்கு ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா? பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் சணலால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும். அவன் கொட்டைப்பாக்கு அளவு கல் கட்டுவான். கட்டும்போது பிஞ்சோடு ஏதோ பேசுவான். காய்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கி நிற்கும். டாக்டரம்மா வந்தால் அங்கேதான் நிற்பார். பேச்சே வராமல் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண் முதல் வார்த்தையை அவன் பந்தலடியில்தான் பேசியது. என்ன வார்த்தை? 'தண்ணி'. அந்தப் பெண் பேசிய மறுநாள் அவன் என்னிடம் வந்து சொன்னான், எனக்குச் சந்தோஷமாக இருக்குமாம். என் பாத்தியும் பக்கத்தில்தான் இருந்தது. இங்கே நின்று பேசியிருக்கக் கூடாதா?

நானும் புடலை போட்டேன். போடாமல் இருக்க முடியுமா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. அதற்குத் தோட்டம் காரணம் இல்லை. அவன் விடிந்ததும் வந்துவிடுவான், அவனுக்கு முன்னால் நான் வந்து நிற்க வேண்டும், அதற்கு நேரத்தோடு படுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். சாப்பாடும் அப்படியே. அவன் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே நடையில் தூக்குவான். வெறும் வயிற்றோடு நான் எப்படித் தூக்குவது? காற்றாடியோடு பேசுவதும் நின்றது. நாள் முழுக்க அவன் பந்தலைக் கவனித்துவிட்டு வந்தால் பேச எங்கே நேரம்? சித்திரையில் மகன் பிள்ளைகளோடு வந்தான். பேத்தி என் பாத்தியில் வெண்டைக்காய் பறித்தாள். இதையெல்லாம் ஜெபராணி சிஸ்டர் சிவப்பு மையில் 'முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டார். பொறாமையைப் போய் முன்னேற்றம் என்று எழுதுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. பொறாமை என்றா சொன்னேன்? போட்டி. நியாயமான போட்டி.

ஒருநாள் வீட்டில் புடலங்காய்க் கூட்டு. பாசிப்பருப்பு போட்டு, தேங்காய் அரைத்து. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். நம் காய் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றேன். அங்காத்தாள் கரண்டியை வைத்துவிட்டு, "நம்ம காய் இன்னும் பிஞ்சுங்க. இது ராக்கிமுத்தண்ணன் குடுத்தனுப்புனது" என்றாள். தட்டு கையில்தான் இருந்தது. எறியவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எறியவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டேன், ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மனநல நாள் விழா வந்தது. கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள், குடும்பங்கள், ஷாமியானா, மைக் செட். தோட்டக்காரர்களில் ஒருவர் மைக்கில் பேச வேண்டும் என்றார் டாக்டரம்மா. தோழர், நான் மைக்கைத் தொட்டு மாமாங்கம் ஆகிறது. நம்ப மாட்டீர்கள், அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். யார் பேசுவது என்று பேச்சு வந்தபோது ஜெபராணி சிஸ்டர் விளையாட்டாகத்தான் சொன்னார், "எந்தக் காய் நீளமோ, அந்தக் காய்க்காரர் பேசட்டும்." எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சிரிக்கவில்லை. விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது.

அவன் பந்தலில் நீளமான காய் என் இடுப்பளவு இருந்தது. என்னுடையதில் ஒன்று அதைவிட நாலு விரற்கடை குறைவு. யாரும் இல்லாத நேரம் சாண் வைத்து அளந்து பார்த்தேன். இதில் தப்பு எதுவும் இல்லை. எதிர்த்தரப்பின் பலத்தை அளக்காமல் போராட்டத்தில் இறங்கக் கூடாது.

கல்லை மாற்றினேன். பாக்களவு கல்லை அவிழ்த்துவிட்டு எலுமிச்சையளவு கட்டினேன். காய் இறங்கியது. இரண்டு நாள் கழித்துத் தேங்காய்ச் சிரட்டையளவு. அதுவும் இறங்கியது. கல் கனக்கக் கனக்கத்தான் காய் நிமிரும், இது கண்ணெதிரே நிரூபணமான உண்மை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அரைச் செங்கல் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் மம்பட்டியை ஊன்றி நின்று பார்த்தான்.

"அண்ணா, கல்லு கனம் சாஸ்திங்க. காய் தாங்காது."

என் காயைப் பற்றி எனக்குத் தெரியும், நீ உன் காயைப் பார் என்றேன். அவன் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்தக் குரல், தோழர், அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். மூன்றாவது குற்றம் என்றேனே, இப்போது சொல்கிறேன்.

எங்கள் பெரிய வேலைநிறுத்தம் நாலு கோரிக்கையோடு ஆரம்பித்தது. வாரம் ஒரு கேட் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் ஒரு கோரிக்கையைச் சேர்த்தேன். கோரிக்கை கூடக் கூடத்தான் போராட்டம் நிமிரும் என்பது என் கொள்கை, இன்றைக்கும் அதுதான். ஒருநாள் டீக்கடையில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சனம் தாங்காதுங்ணா. வீட்டுல பாத்திரம் பண்டம் வெளிய போக ஆரம்பிச்சிருச்சு. நாலுல ரெண்டு குடுக்கறாங்க, வாங்கிக்கலாம்" என்றான். அதே மெதுவான குரல். மறுநாள் நான் நோட்டீஸ் அடித்தேன். 'நம்முள் ஒரு கருங்காலி.' பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வாரம் அவன் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வேலைக்குத் திரும்பிய நாளில் கேட்டுக்கு முன்னால் பெரும் கூச்சல். இத்தனை நாள் பட்டினி போட்டது யார், இவ்வளவு தூரம் இழுத்தது யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பதில் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். பிரசுரம்கூடச் சட்டைப்பையில் இருந்தது. அதற்குள் அவன் மதகுக் கட்டைமேல் ஏறி நின்றுகொண்டு, "கையெழுத்துப் போட்டது நாந்தான். பேசறதுன்னா என்னையப் பேசுங்க" என்றான். பேசினார்கள். மண்ணை வாரி எறிந்தார்கள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஒரு மாதம் போனதும் அதே சனம் அவன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தது. என்னை? என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. என் போராட்டம் தோற்றதைக்கூட அவன் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். இதுதான் மூன்றாவது குற்றம். இதைவிடப் பெரிய திருட்டு ஒன்றை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சரி, காய்க்கு வருகிறேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் வந்து பார்த்தால் என் காய் பாத்தியில் கிடந்தது. காம்போடு ஒடிந்து, செங்கல் மண்ணில் புதைந்து. ஒடிந்த இடத்தில் பால் மாதிரி ஈரம் இன்னும் காயவில்லை. சிறிது நேரம் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, இது சதி என்றேன். விசாரணை வேண்டும் என்றேன்.

ஜெபராணி சிஸ்டர், "ஐயா, ஒரு காய்தானே, விதைக்கு வேற காய் விடலாம்" என்று கையைப் பிடித்தார். காய் இல்லை அம்மா, நியாயம் என்றேன். மில்லில் ஒரு நடைமுறை இருந்தது. நான் வாங்கிக் கொடுத்தது. யாரையும் ரகசியமாகக் குற்றவாளி ஆக்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் விசாரித்து, முடிவில் குற்றவாளியின் பெயரை, தகப்பன் பெயர், டோக்கன் நம்பர், பிரிவு உட்பட, சாட்சிகள் முன்னால் நின்று உரக்க வாசிக்க வேண்டும். அதுவரை மானேஜர் அறைக்குள் கூப்பிட்டுச் சீட்டைக் கிழிப்பார்கள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த கோரிக்கை என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்த நடைமுறைப்படி விசாரணை நடக்க வேண்டும், முடிவை வாசிப்பது நான் என்று சொன்னேன். டாக்டரம்மாவிடம் போனார்கள். நடத்தட்டும், ஆனால் பத்து மணிக்குள் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

பந்தலடியில் எல்லோரும் கூடினார்கள். தோட்டக்காரர்கள், சிஸ்டர், வாட்ச்மேன், எனக்குக் காபி கொண்டுவந்த அங்காத்தாள். அந்தக் கல்லூரிப் பெண்ணும் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தது. நான் குற்றத்தை விளக்கினேன். சாட்சிகளைக் கேட்டேன். முதல் சாட்சி பழனாண்டி, பஸ் கண்டக்டராக இருந்தவர். செங்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க விசாரணை? புட்போர்டுல இவ்வளவு பேரை ஏத்துனா வண்டியே சாஞ்சிரும், காய் என்ன பண்ணும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்கள். அது இன்னும் மோசம். அங்காத்தாள் காபி டம்ளரின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவன் எழுந்தான்.

"நாந்தானுங்க. நேத்து சாயங்காலம் உங்க பந்தலுக்கு அடியில புகுந்து போனேன், தலையில இடிச்சிருச்சு. ஒடிஞ்சது தெரியாமப் போயிட்டேன். என்ற பேரை எழுதிக்குங்கண்ணா."

தோழர், அந்த நிமிடத்தை நீங்கள் மனதில் கொண்டுவந்து பாருங்கள். எத்தனை வருடம்! ஐந்து குற்றத்துக்கும் சேர்த்து, சாட்சிகள் முன்னால், அவன் வாயாலேயே ஒப்புதல் வாக்குமூலம். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ராக்கிமுத்து, தகப்பன் பெயர் மாரண்ணன். அவன் டோக்கன் நம்பர்கூட எனக்கு மனப்பாடம்.

எழுந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அப்புறம் அந்த முகங்களைப் பார்த்தேன். ஜெபராணி சிஸ்டர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பழனாண்டி அவனுக்கு உட்கார இடம் ஒதுக்கினார். அங்காத்தாள், என்னோடு ஒரு ஆயுள் வாழ்ந்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்த மனுசன்" என்றாள். எனக்குக் கொண்டுவந்த காபியை அவனிடம் நீட்டினாள்.

அவன் சொன்னது பொய். முந்தின நாள் சாயங்காலம் அவன் தோட்டத்துக்கே வரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இருட்டுகிற வரைக்கும் என் காய்க்குப் பக்கத்தில் நான்தானே உட்கார்ந்திருந்தேன், அவன் வந்து அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும் என்று. அவன் வருவதும் போவதும் என்னைவிட யாருக்குத் தெரியும்? வந்த நாளிலிருந்து நான் வேறு எதைக் கவனித்தேன்?

மைக்கை அவன் எடுத்துக்கொள்ளட்டும், அவன் காய்தான் நீளம். மாலையை எடுத்துக்கொண்டான், போகட்டும். கேட்டில் எனக்கு வர வேண்டிய மண்ணையும் முகத்தில் வாங்கிக்கொண்டான். அன்றைக்கு நான் சும்மா நின்றுவிட்டேன். இப்போது என் காய், என் சணல், என் செங்கல். என் கையால் கட்டிய முடிச்சு. இதையும் அவனிடம் கொடுத்துவிட்டு நான் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்? இரண்டாம் முறையும் திருட விடுவேனா?

உட்கார் என்றேன் அவனைப் பார்த்து. உட்கார்ந்தான். நடைமுறைப்படி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். எழுந்தார்கள். கல்லூரிப் பெண்ணும் வாளியை விட்டு எழுந்து நின்றது. மைக் கிடையாது. எனக்கு எந்தக் காலத்தில் மைக் தேவைப்பட்டது? முன்வாசலில் டோக்கன் வாங்க நின்ற வரிசை திரும்பிப் பார்த்ததாக வாட்ச்மேன் பிறகு சொன்னார். சாட்சிகள் முன்னால், குற்றவாளியின் பெயரை, விதிப்படி முழுவதுமாக, உரக்க வாசித்தேன்:

"சென்னியப்பன். தகப்பன் பெயர் கருப்பண்ணன். டோக்கன் நம்பர் எழுநூற்றுப் பதினொன்று. நூற்புப் பிரிவு. முன்னாள் பொதுச்செயலாளர்."